நாலாவது அடியில் ஒரு விக்கல்

பதினேழு வயதில் நான் சாகாமல் போனதற்குக் காரணம்
ஒரு பெட்டி கருஞ்சிப்பி.

பிப்ரவரி. விடிய நேரமிருந்தது.
அரோசா கழிமுகத்தின் துறையில்
பெரியப்பா லிசார்தோவின் படகு உறுமிக்கொண்டிருந்தது.
எனக்கு ஒரு கால் படகில், ஒரு கால் படிக்கல்லில்.
"ப்ரெய்ஷோ, இந்தப் பெட்டிய ஆலை வரைக்கும் தூக்கிட்டு வா.
முதுகு பிடிச்சிருக்கு."
சபேலா.
அதுவரை அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.
பெரியப்பா கையை அசைத்தார்: போ, நாளைக்கு வா.

பெட்டி கனமே இல்லை.

மதியம் மூன்று மணிக்கு முனைப்பாறையில் படகு கிடைத்தது.
பெரியப்பா கிடைக்க ஐந்து நாள்.
ஊரே குடை பிடித்து நின்றது.
சபேலாவும் பூ வைத்தாள்,
காம்புகளை ஒரே அளவில் நறுக்கி.

உஷியோ என்று ஒரு மெக்கானிக் இருந்ததும்
விளக்கணைத்துப் போகும் படகுகளுக்கு
அவன் இருட்டிலேயே எஞ்சின் பார்த்ததும் ஊரறியும்.
முதலில் சிகரெட் பெட்டிகள்.
பிறகு பெட்டிகள் சிறுத்தன, வீடுகள் பெருத்தன,
உள்ளே என்னவென்று எவரும் கேட்கவில்லை.
உஷியோ கேட்டான்.
ஒன்பதாம் நாள் சிப்பி மிதவையின் கயிறுகளுக்கிடையே
கிடைத்தான், பையில் ஒரு ஸ்பானரோடு.
மிதவை பெரியப்பாவுடையது.
போலீஸ் வந்து காப்பி குடித்துவிட்டுப் போனது.

அவர்கள் காதலித்த விதத்தை
அவளுடைய தங்கை ஓர் இரவு குடித்துவிட்டுச் சொன்னாள்:
கரைச்சுவரில் முதுகோடு முதுகு சாய்ந்து
கண்ணை மூடிக்கொள்வார்களாம்.
"இதுல வால்வு."
"இல்ல, பெல்ட்."
தோற்றவர் முத்தம் தர வேண்டும்.
முதலில் வேண்டுமென்றே தோற்றாள்.
போகப்போக, பாவம்,
தோற்கவே முடியாத காது வந்துவிட்டது அவளுக்கு.

எனக்கு இப்போது முப்பத்தொன்று. சொந்தப் பட்டறை.
சென்ற அக்டோபரில் ஒரு போர்த்துக்கீசியன்
படகை இழுத்துவந்தான். ஓட்டிப் பார்த்தேன்.
டக் டக் டக்
அப்புறம் ஒரு விக்கல்.
கைத்துணி நழுவியது.
ஒரு கால் படகில், ஒரு கால் கல்லில்
நான் நின்ற அதே சத்தம்.

மாதக்கணக்கில் துறை முழுக்க விக்கியிருக்கும்.
புரிந்த காது ஒன்றே ஒன்று,
அது குனிந்து சிப்பியை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தது.
கத்தியில்லை, விஷமில்லை.
சொல்லாமல் விட்ட ஒரு வரியை
எந்த நீதிபதி எழுதி வாங்குவார்?
விக்கினால் யாரோ நினைக்கிறார்கள் என்பது வழக்கு.
அந்தப் படகை ஒருத்தி
எத்தனை தரம் நினைத்திருக்கிறாள்!

நேற்று அவளைத் தேடிப் போனேன்.
கேட்க வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு.
தூறல். யூகலிப்டஸ் வாடை.
தன் சின்னப் படகை அவிழ்த்துக்கொண்டிருந்தாள், நரைத்துப்போய்.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
டக் டக் டக்

விக்கல்.

என் முறை என்று புரிந்தது.
நான் எதுவும் செய்ய வேண்டாம். பேசாமல் திரும்பினால் போதும்.
அப்பா இல்லாத எனக்குப் பெரியப்பா வாங்கித் தந்த
பச்சை சைக்கிள் ஞாபகம் வந்தது;
எந்தப் பணத்தில் வாங்கினார் என்பதும்.

"பேரிங் போயிருக்கு" என்றேன். "மாத்தணும்."

அவள் நிமிரவில்லை.
"தெரியும். ரெண்டு வருஷமா."

கயிற்றைச் சுருட்டிப் படகுக்குள் எறிந்தாள்.
கடல் அன்று அப்படியொன்றும் மோசமில்லை,
அப்படியொன்றும் நல்லதாகவும் இல்லை.

"வண்டியில ஒரு பெட்டி இருக்கு" என்றேன்.
"தனியா தூக்க முடியல. முதுகு பிடிச்சிருக்கு."

வண்டியில் பெட்டி ஏதுமில்லை.
முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்,
எஞ்சினை அணைக்காமல்,
ஒரு கால் படகில்,
ஒரு கால் கல்லில்.